யாருட்டயும் சொல்லாதீங்க

குழந்தையைப் பார்க்கப் போகும்போது பிஸ்கட் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். குழந்தைகள் வழக்குகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய முதல் விஷயம் இதுதான். பெரிதாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று எதிர்பார்த்தவர்களுக்குச் சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

நான் வாங்கிக்கொண்டு போனேன். தஞ்சாவூரில் ஒரு காப்பகத்தில், பாக்கியம் என்ற பெண்ணைப் பார்ப்பதற்கு. பத்து வயது இருக்கலாம் என்று ஆளுக்கொரு மதிப்புச் சொன்னார்கள். பொட்டலத்தை நீட்டியதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டாள்.

"இத வாங்கிக்கிட்டா நான் என்ன சொல்லணுங்க?" என்று கேட்டாள்.

சிரித்துவிட்டேன். "ஒண்ணும் சொல்ல வேணாம்டா, சும்மா சாப்பிடு" என்றேன். அவள் நம்பவில்லை. பெரிய மனிதர்கள் சும்மா எதையும் கொடுப்பார்கள் என்பது அவள் ஊர் அனுபவத்தில் கிடையாது. பொட்டலத்தை ஆயாவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். என் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சலாக இருக்கிறது.

அது ஆட்சி மாறியிருந்த சமயம். கோட்டையில் புதியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், சுவர்களில் புதிய நிறங்கள் வந்திருந்தன. மேடைகளில் ஏழையைப் பற்றி அழகழகாகப் பேசினார்கள். வயலில் மட்டும் பழைய ஆட்கள்தான். அப்போது நாகப்பட்டினம் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லாவுக்குள் இருந்தது. கிழக்கே போகப் போக ஊருக்கு ஊர் கொடி, ஊருக்கு ஊர் போலீஸ் கூடாரம். அறுப்புக் கூலியில் கொஞ்சம் நெல் கூட வேண்டும் என்று ஆட்கள் கேட்டார்கள். மாட்டேன் என்ற மிராசுதார்கள் லாரியில் வெளியாட்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வயல்காட்டில் நின்ற கூட்டத்துக்கும் லாரியில் வந்த கூட்டத்துக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் கூலிக்காரர்கள், அடிபட்டவர்களும் அவர்களே.

பாக்கியத்தின் ஊரிலும் அப்படி ஒரு கைகலப்பு. அதில் மிராசுதாருடைய காரியஸ்தருக்குத் தோளில் அரிவாள் வெட்டு. பாக்கியத்தின் அப்பா மாரிமுத்துதான் அவர்கள் தெருவில் கூலிக்காரர் சங்கத்தை நடத்தியவர். ஆகவே வழக்கில் முதல் எதிரி அவர். சம்பவம் நடந்த அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை. வேலைநிறுத்தத்தில் அடுப்பு எரியவில்லையே என்று நாகூர்க் கந்தூரிக்கு மூட்டை தூக்கப் போயிருந்தார். தூக்கச் சொன்ன கடைக்காரர் திருவிழா முடிந்ததும் கடையைச் சுருட்டிக்கொண்டு எந்த ஊருக்குப் போனாரோ, யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு ஆள் இல்லாத உண்மை சிறையிலிருந்து யாரையும் வெளியே கொண்டுவராது.

அம்மா முன்பே இறந்துவிட்டாள். அப்பாவைப் பிடித்துக்கொண்டு போனதும் தெருவில் இருந்த ஆண்கள் எல்லாரும் தலைமறைவு. பெண்கள் தங்கள் பிள்ளைகளுக்கே கஞ்சி காய்ச்ச வழியில்லாமல் இருந்தார்கள். அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று இந்தப் பெண் தனியாகப் புறப்பட்டு, யாரிடமோ கேட்டு பஸ் ஏறி, தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஜெயில் எது என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒரு ஏட்டு பரிதாபப்பட்டு இட்லி வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்து, ஆதரவற்ற குழந்தை என்று சிறுவர் கோர்ட்டில் ஒப்படைத்தார்.

அந்தக் காலத்தில் சிறுவர் கோர்ட்டுக்கு வக்கீல் வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. குழந்தைக்கு எதற்கு வக்கீல் என்பார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர் விசாரித்து அறிக்கை கொடுப்பார், மாஜிஸ்திரேட் உத்தரவு போடுவார், முடிந்தது. என்னுடைய சீனியர், "பொம்பள வக்கீல், நீ போய் நில்லும்மா, பழகிக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். சிவில் கேஸ் எதையும் என்னிடம் நம்பிக் கொடுக்க அவருக்கு மனசில்லை என்பதுதான் நிஜம். போனவள் அங்கேயே இருபது முப்பது வருஷம் நின்றுவிட்டேன்.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது. பெற்றவர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில், உறவினரோ அல்லது தகுந்தவர் என்று கோர்ட் ஏற்றுக்கொள்ளும் வேறொருவரோ குழந்தையைப் பொறுப்பேற்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால் பதினெட்டு வயது வரைக்கும் இல்லத்தில்தான் வாசம். நான் உறவு தேடி அலைந்தேன். சங்கத்திலிருந்து ஒருவர் வந்தார். "நாங்க வளப்போங்க, எங்க தோழர் மவ" என்றார். அவர் பெயரிலேயே வாரண்ட் நிலுவையில் இருந்தது. மாஜிஸ்திரேட் அவரைப் பிடித்துக்கொடுக்காமல் எழுந்து போகச் சொன்னதே பெரிய தயவு.

பிறகு ஒருவர் மனுப்போட்டார். யார் தெரியுமா? மாரிமுத்து யார் வயலில் பரம்பரையாக உழுதாரோ, யாருடைய காரியஸ்தரை வெட்டியதாக ஜெயிலில் இருக்கிறாரோ, அந்த மிராசுதார்தான்.

"அப்பன் செஞ்சதுக்குப் புள்ள என்ன பண்ணும்? எங்க நெல்லத் தின்னு வளந்த குடும்பம். நான் பாத்துக்குறேன், பள்ளிக்கூடமும் அனுப்புறேன்" என்று கோர்ட்டில் கைகூப்பினார். வெள்ளை வேட்டி, விபூதி, குரலில் அவ்வளவு கனிவு. உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்களில் ஒருவருக்குக் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

எனக்கு அவர் எண்ணம் பாதி புரிந்தது. அந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். கூலி பேசி முடிகிற வரையில் தெருவிலிருந்து ஒரு ஆள்கூட மிராசுதார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. அறுப்புக்கும் போவதில்லை, மாட்டுக்கொட்டகைக்கும் போவதில்லை. அவர் வீட்டில் சாணி அள்ள ஆள் கிடையாது, குறுவைக் கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்கிறது, ஐப்பசி மழை வந்தால் அத்தனையும் சேற்றோடு போய்விடும். சங்கத்துக்காரன் மகளே வாசலில் வந்து நின்றுவிட்டால் கட்டுப்பாடு என்ன ஆகும்? இதையெல்லாம் நான் கோர்ட்டில் சொன்னேன். "அம்மா, இது கூலித் தகராறு கோர்ட் இல்ல. குழந்தைக்குச் சோறு, கூரை, படிப்பு. அதுக்குப் பதில் சொல்லுங்க" என்றார் மாஜிஸ்திரேட். மோசமானவர் இல்லை. அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

நன்னடத்தை அதிகாரி நாகூர்க்காரர். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிளிலேயே ஜில்லாவைச் சுற்றிய மனிதர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அடுப்படியைத்தான் பார்ப்பார். அவர் மிராசுதார் வீட்டுக்குப் போய்வந்து, வசதியான வீடு, விருப்பத்தோடு கேட்கிறார், ஆட்சேபணைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று அறிக்கை எழுதினார். எழுதிவிட்டு என்னிடம், "எழுத வேற ஒண்ணுமில்லம்மா. ஆனா மனசு ஒப்பல" என்றார்.

உத்தரவு போடும் நாள் காலையில் பாக்கியத்தைப் பார்க்கக் கோர்ட்டுக்குப் பக்கத்து அறைக்குப் போனேன். கையில் பிஸ்கட் இல்லை. தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தேன். மிராசுதார் மனுவை எதிர்த்து வாதாடப்போகிறேன், பயப்படாதே, உன்னை அங்கே விடமாட்டேன் என்று சொன்னேன்.

"வேணாங்க. நான் அவரோட போறேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். மறுபடியும் மறுபடியும் கேட்டேன். வெளியே டவாலி அடுத்த வழக்கைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து என் முழங்காலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆண்டை, நான் இருக்குற இல்லத்துக்கு வந்தாரு. வாழப்பழம் கொண்டாந்தாரு. நான் அவரு வூட்டுக்கு வந்து இருந்தா அப்பா பேர எடுத்துடுறேன்னாரு. இல்லாட்டி அப்பாவுக்குத் தூக்குன்னாரு. யாருட்டயும் சொல்லாதீங்க."

"அது அவர் கையில இல்லடா. போலீஸ் போட்ட கேஸ். அவரு நெனச்சா ஒருத்தர் பேர எடுக்க முடியாது. தூக்கும் கெடையாது" என்றேன். சட்டப்படி நான் சொன்னது சரி.

அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "அவரு சொல்லித்தான எழுதுனாங்க. அவரு சொன்னா எடுக்க மாட்டாங்களா?"

"நான் கோர்ட்ல சொல்றேன். இப்பிடிப் புள்ளைய மெரட்டினாருன்னு..."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னக் கைதான், ஆனால் பிடி இறுகியது. "வேணாங்க, வேணாங்க. அப்பாவுக்குத் தெரிஞ்சா வெளிய வந்ததும் அருவாளத் தூக்கிட்டுப் போயிடும். அப்பறம் நெசமாவே தூக்குத்தான். நீங்க எனக்குத்தான வக்கீலு? எனக்குத்தானன்னு சொன்னீங்கல்ல? அப்ப நான் சொல்றதக் கேளுங்க. அப்பாவுட்டயும் சொல்லக்கூடாது. யாருட்டயும் சொல்லக்கூடாது."

உனக்குத்தான் நான் வக்கீல் என்று முதல் நாள் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை வெளியே விட்டால் அந்தக் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்று சீனியர் பழக்கியிருந்தார். நிலத் தகராறுக்காரர் சொன்னாலும் கட்சிக்காரர்தான், கொலைகாரர் சொன்னாலும் கட்சிக்காரர்தான். பத்து வயதுப் பெண் சொன்னால்? அதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, புத்தகத்திலும் இல்லை.

உள்ளே போய் வாய்தா கேட்டேன். மாஜிஸ்திரேட் கடிகாரத்தைப் பார்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம். அதுக்கு மேல முடியாது" என்றார்.

பாயும் நானும் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். என் டீயை நான் தொடவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏதோ பேரம் நடந்திருக்கும்மா. அந்தப் புள்ள மொகத்துல தெரியுது. ஒரு வார்த்தை சொல்லுங்க. ஆமான்னு தலைய ஆட்டினாக்கூடப் போதும். நான் அறிக்கைய வாபஸ் வாங்கிட்டு வேற எழுதிடுறேன்."

யோசித்துப் பாருங்கள். நான் தலையை ஆட்டினால் போதும். பாய் எழுதுவார், மாஜிஸ்திரேட் மிராசுதாரைக் கூப்பிட்டுக் கேட்பார், அவர் இல்லவே இல்லை என்பார், பெண்ணைக் கேட்பார்கள், அவளும் இல்லை என்பாள். எனக்கு அது நிச்சயம். அதற்குள் விஷயம் வராந்தா முழுக்கப் பரவி, அன்று சாயந்திரமே ஜெயிலுக்குள் போய்விடும். பெண்ணுக்கு இந்த உலகத்தில் நம்பிச் சொல்ல ஒரு ஆள் இருந்தாள், அந்த ஆளும் இல்லாமல் போவாள். மாறாக, நான் தலையை ஆட்டாவிட்டால் அவள் அந்த வாசலுக்குப் போவாள். இரண்டு பக்கமும் பள்ளம். எந்தப் பள்ளம் ஆழம் குறைவு என்று ஒரு டீ ஆறுவதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

நான் தலையை ஆட்டவில்லை. பாய் என் டீயையும் எடுத்து அவரே குடித்துவிட்டு எழுந்தார்.

மதியம் மாஜிஸ்திரேட் கேட்டார். "குழந்தை தரப்பில் என்ன சொல்றீங்க?"

"போக விருப்பம் என்று குழந்தை சொல்கிறாள்" என்றேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களைச் செய்துகொடுப்பதில் நம் தொழிலுக்கு நிகர் கிடையாது. பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், மாதா மாதம் அதிகாரி பார்த்துவர வேண்டும் என்று நிபந்தனைகளைக் கேட்டு வாங்கினேன். பாக்கியம் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் அவளுக்கு ஜெயித்துக் கொடுத்துவிட்டேன் என்று அந்தச் சிரிப்பு.

அடுத்து என்ன நடந்தது என்று பாய் வந்து சொன்னார். மிராசுதார் வீட்டு மாட்டுக்கொட்டகை தெருவைப் பார்த்தாற்போல் இருந்தது. வாய்க்காலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே வேலை எத்தனையோ இருக்க, அவளை விடிந்ததிலிருந்து அங்கேயே நிறுத்தினார்கள். சாணிக்கூடையும் தலையுமாக எல்லார் கண்ணிலும் பட்டாள். தெருப் பெண்கள் முதலில் காறித் துப்பினார்கள். பிறகு, "மாரிமுத்து மவளே போயிட்டா, நம்ம புள்ளைங்க மட்டும் பட்டினி கெடக்கணுமா?" என்றார்கள். மழைக்கு முன்னால் குறுவை அறுப்பு நடந்தது, பழைய கூலிக்கு. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் இருந்தது, பெயருக்கு உரியவள்தான் இல்லை.

"கொட்டகைக்குப் பின்னால எலையப் போட்டுச் சோறு வெக்கிறாங்க. வயிறு நெறையத்தான் வெக்கிறாங்க. நான் போனப்ப, வக்கீலம்மா நல்லா இருக்காங்களான்னு கேட்டுச்சு" என்றார் பாய். அவர் அறிக்கை எழுதினார். நான் மனுப்போட்டேன். குழந்தை புகார் எதுவும் சொல்லவில்லை என்று மனு தள்ளுபடியானது.

செஷன்ஸ் விசாரணை வந்தது. நான் அதில் வக்கீல் இல்லை, வேடிக்கை பார்க்கப் போயிருந்தேன். காரியஸ்தர் கூண்டில் ஏறினார். ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். இவன் கல் எறிந்தான், இவன் பிடித்துக்கொண்டான், இவன் வெட்டினான். மாரிமுத்துவிடம் வந்ததும் நிறுத்தினார். "இவன அன்னிக்குப் பாத்ததா ஞாபகம் இல்லீங்க" என்றார். அரசு வக்கீல் திகைத்துப்போனார். அடுத்த சாட்சியும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. மாரிமுத்து விடுதலை. மற்றவர்களுக்குத் தண்டனை.

அவர் கையில் இல்லை என்று நான் சொன்னேனே, அவர் கையில்தான் இருந்தது. பெண் சொன்னபடியே எழுதியவர் எடுத்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சட்டப் புத்தகங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை, அவமானமாக இருந்தது.

வெளியே வந்த மாரிமுத்து நேரே சிறுவர் கோர்ட்டுக்கு வந்து மகளைக் கேட்டார். உயரமான மனிதர், சிறையில் வற்றியிருந்தார். என்னைக் கும்பிட்டு, "எம் பொண்ணுக்காக நின்னீங்களாம், வக்கீலம்மா" என்றார். எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் பெயரில் வைக்கோல்போர் எரித்ததாக இன்னொரு வழக்கு மிச்சம் இருந்தது. அந்த வழக்கின் நூல்நுனி யார் விரலில் சுற்றியிருந்தது என்று பாக்கியத்துக்குத் தெரியும். இப்போது எனக்கும் தெரியும். மாஜிஸ்திரேட் பாக்கியத்தை வரவழைத்து, அருகில் கூப்பிட்டு, "அப்பா வந்துட்டாரும்மா. அவரோட போறியா?" என்று கேட்டார்.

மிராசுதார் கதவோரம் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

"இல்லீங்க. அங்கயே இருந்துக்குறேன்" என்றாள் பாக்கியம். அப்பாவைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மாரிமுத்து தோள் துண்டை எடுத்து உதறினார். மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். "எனக்குப் புள்ள இல்லீங்க, சாமி. அந்த வூட்டுச் சோறு ருசி கண்டுடுச்சு" என்று மாஜிஸ்திரேட்டைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் ஓடினேன். வராந்தா முனையில் பிடித்துவிட்டேன். "மாரிமுத்து, அவ சின்னப் பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"சின்னப் பொண்ணுதாங்க. எங்க தெருவுல எல்லாப் புள்ளயுந்தான் பசியோட கெடந்துச்சு" என்றார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் கை அரிவாள் பிடித்துப் பழகிய கை. மிராசுதார் பத்தடி தூரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு நிற்கிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்த இடத்தில் நீங்கள் நின்றாலும் மூடிக்கொண்டிருப்பீர்கள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பிறகு சொல்லியிருக்கலாமே என்பீர்கள். கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். வைக்கோல்போர் வழக்கு இழுத்து இழுத்து ஒருநாள் ஒன்றுமில்லாமல் போனது. மிராசுதார் நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டு மெட்ராஸ் போய்ச் சேர்ந்தார். பாக்கியத்தை அதற்கு முன்னாலேயே கோடியக்கரைப் பக்கம் உப்பளத்தில் வேலை செய்யும் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாரிமுத்து கல்யாணத்துக்குப் போகவில்லை. தெருவிலிருந்தும் ஒருவரும் போகவில்லை. தண்டனை பெற்றவர்களின் வீடுகளில் மாரிமுத்துவையே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். இவன் மட்டும் எப்படி வெளியே வந்தான் என்று. அவர் சங்கத்தைவிட்டு விலகிவிட்டார் என்று பாய் சொன்னார். பிறகு பாயும் ஓய்வுபெற்று நாகூருக்குப் போய்விட்டார்.

ஒருமுறை மாரிமுத்துவைத் திருவையாற்றில் பார்த்தேன். ஆராதனை நேரம், கும்பல். பந்தல் போடும் வேலைக்கு வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டு கும்பிட்டார். மகளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டேன். "எந்த மவளங்க?" என்றார். அருகில் ஆட்கள் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு அவரைக் கூப்பிட்டார்கள். மிராசுதார் போய்விட்டார், வழக்கும் போய்விட்டது, அரிவாள் பயமும் போய்விட்டது. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லாதீங்க என்று சொன்னவள் இன்னும் சொல்லலாம் என்று சொல்லவில்லையே. கட்சிக்காரர் விடுவிக்காமல் வக்கீல் எப்படி விடுவித்துக்கொள்வது? அப்படித்தான் எனக்கு நானே வாதாடி எனக்கு நானே தீர்ப்பும் எழுதிக்கொண்டேன். அவர் மூங்கிலைத் தோளில் வாங்கிக்கொண்டு போனார்.

இது நடந்து சில வருஷம் கழித்து ஒரு பகலில் என் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உப்பளத்து வெயில் தோலை உரித்திருந்தது. கால் விரல்களில் புண். பார்த்ததும் தெரியவில்லை. "நல்லா இருக்கீங்களா, வக்கீலம்மா" என்றதும் தெரிந்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டேன். வரவில்லை. படியிலேயே உட்கார்ந்தாள். அப்பா இறந்துவிட்டார் என்றாள். தகவல் கேட்டு அரிசியை முந்தானையில் முடிந்துகொண்டு ஓடியிருக்கிறாள். பெற்ற மகள், வாய்க்கரிசி போட வேண்டியவள். தெருவில் நுழைகிற இடத்திலேயே நிறுத்திவிட்டார்களாம். அவர்கள் மேலும் தப்பில்லை, மாரிமுத்து கண்ணை மூடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவள் கை அரிசி என் வாயில் விழக்கூடாது என்று.

"தூரத்துல நின்னு பாத்தேங்க. தூக்கிட்டுப் போனாங்க" என்றாள்.

அவள் முந்தானை நுனியில் முடிச்சு இருந்தது. பஸ்ஸில் வந்த வழி முழுக்க அதைக் கைக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள், முடிச்சைச் சுற்றி வேர்வை ஈரம்.

"அப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரியாதுங்களா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா."

"நீங்க சொல்லவே இல்லீங்களா?"

"யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன. உனக்குக் கொடுத்த வாக்கு."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். ஆச்சரியப்பட்டவள்போல என் முகத்தையே பார்த்தாள்.

"அப்ப நான் சின்னப் புள்ளங்க" என்றாள்.

எழுந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள். முடிச்சை அவிழ்க்காமலே போனாள்.